சங்கீதப் போட்டியும் இளம் வித்துவான்களும்

(நாயுடுபுரத்தில் நமது சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று மாலை நான் பேசும்படி கட்டளையிடப்பட்ட விஷயம், "தனித்து நிற்கும் இசைவாணர், தம் பெயர் நாலு பேருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் சங்கீதப் போட்டிகளில் கலந்துகொள்வது தகுமா?" என்பதாகும். இது பொழுதுபோக்குக்காக எடுத்துக்கொண்ட விவகாரமன்று. நம் குடும்பங்களில் பாடத் தெரிந்த பிள்ளைகளும் பெண்களும் பலர் இருக்கிறார்கள். டெலிவிஷன் போட்டிக்குப் போகலாமா என்று அவர்கள் பெற்றோரைக் கேட்கிறார்கள். பெற்றோர் நம்மைக் கேட்கிறார்கள். அன்றியும், நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒரு பாட்டுப் போட்டி நடத்தவேண்டுமென்று காரியக் கமிட்டியில் ஒரு பிரஸ்தாபம் வந்திருக்கிறது. ஆகவே இதில் நாம் செய்யும் முடிவு நம் வீட்டுப் பிள்ளைகளின் வாழ்வைத் தொடுவதாகும்.

தனித்து நிற்கும் இசைவாணர் என்று நான் சொல்வது யாரை? சினிமாக் கம்பெனியின் ஆதரவும், பெரிய சபைகளின் தயவும், வித்துவ பரம்பரையின் பின்பலமும் இல்லாமல், தாமே பாட்டுக் கட்டி, தாமே பாடி, தம் கைப்பொருளைச் செலவிட்டு அதனை வெளியிடுகிறவரையே சொல்கிறேன். இத்தகையவர் முன்னே நிற்கும் முதற் கஷ்டம் வித்தைக் குறைவன்று, கேட்பாரில்லாமையே. குடத்திலிட்ட விளக்காக இருக்கும் அவருக்கு, "எங்கள் மேடைக்கு வா, உன்னைக் குன்றிலிட்ட விளக்காக்குகிறோம்" என்று போட்டிக்காரர் ஆசை காட்டுகிறார்கள். இந்த வாக்கின் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்பதைத்தான் ஆராயப் புகுகின்றேன்.

முதலாவதாக, போட்டி என்பது டெலிவிஷன் பெட்டியோடு பிறந்ததன்று. தஞ்சை சமஸ்தானத்தில் பொப்பிலி கேசவய்யா என்னும் வித்துவான் ஊரூராக ஜயக்கொடி நாட்டி வந்து சவால் விட்டதாகவும், சியாமா சாஸ்திரிகள் அவரை எதிர்த்துப் பாடித் தாள வித்தையில் வென்றதாகவும் ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. அதற்குப் பிந்திய காலத்தில், 1844-ல் பிறந்த மகா வைத்தியநாத ஐயர் தம் 12-வது பிராயத்திலேயே கல்லிடைக்குறிச்சியில் வித்துவான்கள் கூடிய சபையில் பாடி, திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சுப்பிரமணிய தேசிகரால் 'மகா' என்னும் பட்டம் பெற்றார். ஆகவே, போட்டியே தீது என்றும், அது நம் மரபுக்கு ஒவ்வாதது என்றும் சொல்வது சரித்திரத்துக்கு மாறாகும்.

ஆனால் அந்தக் காலத்துச் சபைக்கும் இந்தக் காலத்து மேடைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே தீர்ப்புச் சொன்னவர்கள் வித்தையறிந்தவர்கள். ஆதரித்தவர்களோ, பாடினவனுக்கு அன்று ஒரு சால்வை போர்த்தியதோடு நில்லாமல், பின்னும் அவனை அழைத்துப் பாடச்செய்து போஷித்தவர்கள். இன்றைய போட்டியை நடத்துவதோ விளம்பரப் பணம். அந்தப் பணத்துக்கு வேண்டியது பாட்டன்று, பார்ப்பவர் தொகை. பாடுகிறவனுடைய பாட்டைவிட அவன் வீட்டு வறுமையும், அவன் தாயார் வடிக்கும் கண்ணீரும் அதிகம் பேரைப் பார்க்க வைக்குமானால், மேடையில் அவைதாம் முன்னே நிற்கும். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வியாபாரத்தின் சுபாவம் அது. சுபாவத்தை அறிந்து புகுகிறவன் ஏமாறமாட்டான். அறியாமல் புகுகிறவனே மனமுடைந்து திரும்புகிறான்.

இனி, போட்டியினால் நன்மை அடைந்தவர்களைப் பார்ப்போம். ஸ்ரீமதி டி. கே. பட்டம்மாள் சிறு பிராயத்தில் காஞ்சீபுரத்தில் நடந்த ஒரு சங்கீதப் போட்டியில் முதற் பரிசு பெற்றார். ஸ்ரீமதி என். சி. வசந்தகோகிலம் 1938-ல் சென்னை மியூசிக் அகாடமி நடத்திய போட்டியில் வாய்ப்பாட்டில் முதலாவதாக வந்தார். ஸ்திரீகள் கச்சேரி மேடை ஏறுவதே அரிதாயிருந்த நாளில், அவர்களைப் போன்றவர்களுக்குப் போட்டி ஒரு வாசலாயிற்று. நம் காலத்தில், விஜய் டெலிவிஷனார் 2006 முதல் நடத்திவரும் சூப்பர் சிங்கர் போட்டியில், புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த நாட்டுப்பாடகர் செந்தில் கணேஷ் 2018-ல் வெற்றி பெற்றார். அவரும் அவர் மனைவி ராஜலட்சுமியும் பாடிய பாட்டு 2019-ல் வெளிவந்த 'சார்லி சாப்ளின் 2' என்னும் படத்தில் இடம் பெற்றுப் பட்டிதொட்டியெங்கும் பரவிற்று. அதே 2019-ல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், அமெரிக்க டெலிவிஷனில் நடந்த 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' என்னும் போட்டியில் பியானோ வாசித்துப் பத்து லட்சம் டாலர் பரிசு பெற்றான். ஹிந்தியில் 'ச ரி க ம' போட்டியில் பாடிய சிரேயா கோஷால் 2002-ல் வெளியான 'தேவதாஸ்' படத்தின் மூலம் தேசமெங்கும் பிரக்கியாதி அடைந்தார்.

இவர்களைக் காட்டி, "பார்த்தீர்களா! போட்டிக்குப் போனால் பெயர் வந்துவிடும்" என்பார் பலர். சற்றுப் பொறுத்து நோக்கவேண்டும். செந்தில் கணேஷ் போட்டிக்கு வருமுன்னரே பல வருஷம் கிராமத்து மேடைகளில் பாடித் தேறினவர். போட்டி முடிந்தபின் எந்த ஊர் அழைத்தாலும் இராமுழுதும் பாடத்தக்க சரக்கு அவரிடம் இருந்தது. லிடியனோ மிகச் சிறிய வயது முதல் வாத்தியங்களோடு வளர்ந்து, முறைப்படி பயின்றவன். போட்டி இவர்களை உண்டாக்கவில்லை, இருந்ததைக் காட்டிற்று. வெளிச்சம் போட்டால் வீட்டில் உள்ள பண்டந்தான் தெரியும். வெறும் வீட்டில் வெளிச்சம் போட்டால் வெறுமைதான் தெரியும். மூன்று பாட்டு மட்டும் மெருகேற்றிக்கொண்டு போட்டிக்குப் போகும் பிள்ளை, நான்காவது பாட்டைக் கேட்பவர் வரும்போது என்ன செய்வான்?

தோற்றவர்கள் கதையும் கவனிக்கத்தக்கது. 2005-ல் 'பேம் குருகுல்' என்னும் ஹிந்திப் போட்டியில் அரிஜித் சிங் என்னும் வங்காள இளைஞர் கலந்துகொண்டு பட்டம் பெறாமல் வெளியேறினார். பிறகு வருஷக்கணக்காக ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைத்தார். 2013-ல் 'ஆஷிக்கி 2' என்னும் படத்தில் பாடிய பின்னர் இந்தியாவிலேயே மிக அதிகம் பேர் கேட்கும் பாடகர்களில் ஒருவரானார். அன்னிய தேசத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 1980-ல் போலந்து தேசத்து வார்ஸா நகரில் நடந்த ஷோபன் பியானோப் போட்டியில் ஐவோ பொகொரெலிச் என்பவரை இறுதிச் சுற்றுக்கு விடாமல் நீதிபதிகள் நிறுத்திவிட்டனர். அவர்களுள் ஒருவரான மார்த்தா அர்கெரிச் என்னும் பெயர்பெற்ற வித்துவாம்சினி அத்தீர்ப்புக்கு உடன்படாமல் குழுவினின்றும் விலகினார். வெற்றி பெற்றவர் வியட்நாமைச் சேர்ந்த டாங் தாய் சோன். அவரும் சிறந்த வித்துவானே. ஆயினும் அவ்வருஷம் உலகமெங்கும் பேசப்பட்ட பெயர் தோற்றவருடையதே. போட்டியின் தீர்ப்பு வித்தையின் அளவுகோலன்று என்பதற்கு இவ்விரண்டு உதாரணங்களும் போதும்.

எனினும் தோற்றவர் எல்லாரும் அரிஜித் சிங் ஆவதில்லை. ஒருவர் மேலே வரப் பெயர் தெரியாமற் போனவர் எத்தனையோ பேர். ஜெயித்தவருக்குங்கூட அந்த வெளிச்சம் அடுத்த போட்டி தொடங்கும் வரையில்தான். புதுப்பெயர் வந்தவுடன் பழம்பெயர் மங்கும். அந்தச் சொற்பகாலத்துக்குள் தமக்கென்று கேட்பவரைச் சேர்த்துக்கொண்டவர் பிழைக்கிறார். பிறர் முன்னிருந்த இடத்துக்கே திரும்புகிறார்.

போட்டியே இல்லாமல் மேலே வந்தவர்களும் உண்டு. இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். முதல்வர், நாயுடு என்னும் பட்டப்பெயரால் நமக்கும் உவகை தரும் பிடில் வித்துவான் துவாரம் வெங்கடசுவாமி நாயுடு அவர்கள். 1893-ல் பிறந்த அவருக்குக் கண்பார்வை மிகவும் குறைவு, பள்ளிப்படிப்பு நடக்கவில்லை. தமையனாரிடம் பிடில் கற்றார். 1919-ல் விஜயநகரத்தில் மகாராஜாவின் சங்கீதக் கலாசாலை தொடங்கியபோது, மாணாக்கராகச் சேர விரும்பி அங்கே போனார். தலைவராயிருந்த ஆதிபட்ல நாராயணதாஸர் அவர் வாசிப்பைக் கேட்டு, "இவர் கற்க வேண்டியவரல்லர், கற்பிக்க வேண்டியவர்" என்று கருதி ஆசிரியராகவே நியமித்துக்கொண்டார். 1936-ல் அவரே அக்கலாசாலையின் தலைவரானார். 1941-ல் சங்கீத கலாநிதிப் பட்டமும் பெற்றார். பக்கவாத்தியமாயிருந்த பிடிலைத் தனிக்கச்சேரி செய்யும் வாத்தியமாக உயர்த்தியவர்களில் அவர் முதன்மையானவர்.

இரண்டாமவர், நம் மலையடிவாரத்துப் பழனியின் பெயரைத் தாங்கிய மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962). அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். மேடையில் மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்புறமும் பிடில்காரர் இடப்புறமும் அமர்வது வழக்கம். மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்கியிருக்க வேண்டுமென்பதே இதன் காரணம். இடக்கையால் வாசிப்பவர் மறுபுறம் உட்கார்ந்தாலன்றி அந்த நாதம் சபைக்கு எட்டாது. அவர் மறுபுறம் உட்கார்ந்தாலோ பிடில்காரர் இடம் மாறவேண்டும். பிடிலின் நாதம் சபைக்கு எதிர்ப்புறம் திரும்பிவிடும். இதனால் பிடில் வித்துவான்கள் பலர் அவரோடு அமர இணங்கவில்லை. கை சுத்தமும் லய ஞானமும் நிறைந்திருந்தும் கச்சேரிகள் கிட்டவில்லை. அப்போது செம்பை வைத்தியநாத பாகவதர், "இவர் என் கச்சேரியில் வாசித்தே தீரவேண்டும்" என்னும் பிடிவாதத்தோடு அவரைத் தம்முடன் வைத்துக்கொண்டார். அதன்பின் அவர் பாணியே ஒரு பாரம்பரியமாயிற்று.

இவ்விருவர் சரித்திரத்திலும் வாசலைத் திறந்தது எது? வித்தையறிந்த ஒரு பெரியவரின் செவி. நாராயணதாஸர் நாயுடுவின் குலத்தைக் கேட்டுக்கொண்டு பதவி கொடுக்கவில்லை. செம்பை பாகவதர் பிள்ளையவர்களைச் சொந்தக்காரர் என்று ஆதரிக்கவில்லை. ஒரு சாதிச் சங்கத்தின் மேடையில் நின்று இதைச் சொல்வது என் கடமையென்று எண்ணுகிறேன்.

இங்கே பரீட்சை வேறு, போட்டி வேறு என்பதையும் உணரவேண்டும். போட்டியில் ஒருவன் ஜெயிக்க ஒன்பது பேர் தோற்கவேண்டும். பரீட்சையில் ஒவ்வொருவனும் தனித்தனியே ஓர் அளவுக்கு எதிரே நிறுத்தப்படுகிறான்; பத்துப் பேரும் தேறலாம். ஆகாசவாணி, 1952 முதல் 1962 வரை மந்திரியாயிருந்த பி. வி. கேஸ்கர் காலத்தில் வகுத்த குரல் தேர்வு முறை இத்தகையது. அந்த முறையைப் பெரிய வித்துவான்களே அக்காலத்தில் ஆட்சேபித்தார்கள் என்பது உண்மை. ஆயினும் பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பெற்றவர்க்கு, அத்தரத்துக்கேற்ற சன்மானத்தோடு பாட ஒரு வழியை அது உண்டாக்கிற்று. நம் கொடைக்கானலிலேயே 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் கோடைப் பண்பலை நிலையம், மலையின் உயரத்தால் தென்மாவட்டங்கள் பலவற்றிலும் கேட்கிறது. நம் பிள்ளைகள் தூரத்து மேடையை நினைத்து ஏங்குமுன், கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்நிலையத்தாரை அணுகி, தமக்கு அங்கே வழியுண்டா என்று விசாரித்துப் பார்க்கலாமல்லவா?

இனிப் பணத்தையும் பாத்தியதையையும் பற்றிச் சில வார்த்தை. பெயர் வேறு, சோறு வேறு. 2021-ல் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' என்னும் தனிப்பாட்டை அறியாதவர் இங்கே இல்லை. கோடிக்கணக்கான தடவை கேட்கப்பட்ட பாட்டு அது. ஆயினும் 2024-ல் அதன் இசைப்பணியில் முக்கியமானவராகிய சந்தோஷ் நாராயணன், அப்பாட்டினால் தமக்கும், பாடிய அறிவு, தீ ஆகியோருக்கும் வருமானம் வந்து சேரவில்லையென்று வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட கம்பெனியார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நியாயம் யார் பக்கம் என்று நான் தீர்ப்புக் கூற வரவில்லை. தேசமே பாடிய பாட்டுக்கும் இப்படியொரு தகராறு வரக்கூடுமானால், போட்டியில் பாடிய நம் வீட்டுப் பிள்ளைக்குப் 'பெயர்' ஒன்றே கூலியாகுமா என்று மட்டும் கேட்கிறேன்.

சட்டம் பாட்டுக் கட்டுகிறவனைக் கைவிடவில்லை. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டது. அதன்படி, சினிமாவிலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த பாட்டின் சாகித்தியகர்த்தாவும் இசையமைத்தவரும் பின்வரும் ராயல்டியில் தமக்குரிய சம பங்கைத் தம் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றிப் பிறருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. உரிமையை ஒருவருக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் காலவரை குறிக்கப்படாவிட்டால் அது 5 வருஷம் என்றே கொள்ளப்படும். கர்த்தாவின் ஆயுளுக்குப் பின்னும் 60 வருஷம் உரிமை நிற்கும். இந்த ராயல்டியை வசூலித்துக் கொடுக்க 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ். என்னும் சங்கம் இருக்கிறது. சட்டம் இருந்தும், படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவனை யார் காப்பாற்ற முடியும்?

ஆகவே போட்டிக்குப் புறப்படும் பிள்ளையும் பெற்றோரும் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாவது, தீர்ப்புச் சொல்பவர் யார்? அவர் வித்தையறிந்தவரா, பெயர் வெளியிடப்பட்டவரா? இரண்டாவது, நுழைவுக் கட்டணம் உண்டா? பிள்ளைகளின் கட்டணத்தாலேயே நடக்கும் போட்டி பிள்ளைகளுக்காக நடக்கும் போட்டியன்று. மூன்றாவது, நான் கட்டிய பாட்டைப் பாடினால் அது யாருடையதாகும்? எத்தனை காலம் வேறிடத்தில் பாடக்கூடாதென்று கட்டுப்படுத்துகிறார்கள்? நான்காவது, நாளைக் காலையில் என்னைக் கேட்க விரும்பும் ஒருவர் என்னை எப்படிக் கண்டுபிடிப்பார்? என் பாட்டு எங்கே கிடைக்கும்? இந்த நான்குக்கும் தக்க விடை இருக்குமானால் தாராளமாகப் போகட்டும். ஒன்றுக்கேனும் விடை இல்லையானால் வீட்டிலிருந்து சாதகம் செய்வதே லாபம்.

இதற்கு ஆட்சேபம் கூறுவார் உண்டு. "மலைமேல் இருக்கும் ஏழைப் பிள்ளைக்குச் சென்னையில் யாரைத் தெரியும்? போட்டியையும் விட்டால் அவனுக்கு வேறு கதியேது?" என்பர். இது நியாயமான வார்த்தை. எனக்கு இதைத் தள்ள மனமில்லை. பணமும் பழக்கமும் உள்ளவனுக்குப் போட்டி வேண்டாத வாசல். இல்லாதவனுக்கு அது சில வேளை ஒரே வாசல். ஆனால் அது ஒரே வாசலாக இருப்பது யாருடைய குற்றம்? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாட்டை அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்காத நாம், அவனே டெலிவிஷனில் தோன்றினால் ஊரெங்கும் பலகை கட்டி ஓட்டுக் கேட்கிறோம். "போட்டி கத்தியைத் தீட்டும் சாணைக்கல் அல்லவா?" என்பது மற்றோர் ஆட்சேபம். உண்மையே. ஆயினும் ஓயாமல் சாணை பிடித்தால் கத்திதான் தேயும். பன்னிரண்டு வருஷத்துக்கொருமுறை பூக்கும் நம் மலைக் குறிஞ்சி 2018-ல் பூத்தது. இனி 2030-ல் பூக்கும். கோடை விழா மே மாதத்தில் நடக்கிறதென்று அது அவசரப்படுவதில்லை. வித்தைக்கும் பருவம் உண்டு.

முடிவாக, நம் சங்கத்தின் பிரஸ்தாபத்துக்கு வருகிறேன். உதாரணமாக, விழாவுக்கு 50,000 ரூபாய் ஒதுக்கினோமென்று வைத்துக்கொள்வோம். அதை மூன்று பரிசாக்கினால் மூன்று பேர் மகிழ்வர். மற்றவர் தலைகுனிந்து வீடு செல்வர். அதையே பத்துப் பங்காக்கி, ஒரே நாளில் நெருக்காமல் சில மாலைகளாகப் பிரித்து, பத்து இளைஞருக்கு ஆளுக்கு அரைமணிக் கச்சேரியும் 5,000 ரூபாய் சன்மானமும் கொடுப்போமானால், பத்துப் பேர் தம் வித்தையால் சம்பாதித்த முதற் பணத்தைத் தாய் கையில் கொடுப்பர். தேர்ந்த வித்துவான் ஒருவரை வருவித்து, மதிப்பெண் போடச் சொல்லாமல், ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் குணதோஷம் எடுத்துச் சொல்லச் செய்வோம். அந்த அரங்கின் கதவு நம்மவருக்கு மட்டுமன்றி, இம்மலையில் பாடத் தெரிந்த எந்தக் குலத்துப் பிள்ளைக்கும், எந்த மதத்துப் பிள்ளைக்கும் திறந்திருக்கட்டும். நம் குலத்துப் பெயரால் நடக்கும் விழாவுக்கு அதைவிடக் கௌரவம் வேறில்லை.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நம் வீட்டுக் கலியாணங்களில் பந்தலுக்கும் பந்திக்கும் கணக்குப் பாராமல் செலவிடுகிறோம். பாடவந்த பிள்ளையிடம் மாத்திரம், "நாலு பேர் முன் பாடுகிறாயே, அதுவே உனக்கு விளம்பரம்" என்று சொல்லி வெற்றிலை பாக்கோடு அனுப்பிவிடுகிறோம். தூரத்துப் போட்டிக்காரனைக் குறைகூறும் நாம், நம் பந்தலில் அதையே செய்யலாமா? சமையற்காரருக்குப் பேசிக் கொடுப்பது போலப் பாட்டுக்காரருக்கும் முன்னதாகப் பேசி, மனமுவந்து கொடுப்போமாக. இளைஞர் போட்டிக்குப் போகட்டும், போகாமலிருக்கட்டும். எப்படியாயினும், அவர்கள் பாட்டை முதலில் கேட்பவரும் அதற்கு முதலில் கூலி கொடுப்பவரும் நாமாக இருப்போமாக. அப்படியிருந்தால், போட்டியில் தோற்றுத் திரும்பும் பிள்ளைக்கும் பாடுவதற்கு ஓர் இடம் இருக்கும்.